முகத்தில் ஒரு மறு, மூளையில் ஒரு மறு

ஜெர்மன் மொழியில் பிறவி மச்சத்துக்கு 'முட்டர்மால்' என்று பெயர். முட்டர் என்றால் அம்மா, மால் என்றால் குறி. டச்சுக்காரர்களும் ஏறக்குறைய இதே பொருளில் 'அம்மா கறை' என்கிறார்கள். இத்தாலியில் அதற்கு 'வோல்யா', ஸ்பெயினில் 'அந்தோஹோ'. இரண்டுக்கும் ஆசை என்று அர்த்தம். மசக்கைக்காரி எதற்கோ ஆசைப்பட்டாள், அது கிடைக்கவில்லை, அந்தப் பண்டத்தின் நிறத்திலேயே பிள்ளையின் உடம்பில் குறி விழுந்துவிட்டது என்பது அங்கே பழைய நம்பிக்கை. நம் பக்கம் ஆசைக்குப் பதில் கிரகணம். கிரகண நேரத்தில் வெளியே வந்தாள், அரிவாள்மனையைத் தொட்டாள், வெற்றிலையைக் கிள்ளினாள் என்று ஏதாவது ஒன்று சொல்வார்கள். ஊருக்கு ஊர் சட்டம் வேறு. குற்றவாளி மட்டும் எல்லா ஊரிலும் ஒருத்திதான்.

முப்பத்தோரு வருஷம் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் உத்தியோகம் பார்த்தவன் நான். டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர்கள் படிக்கிற பத்திரிகைகளைக் கட்டு கட்டாக பைண்டு செய்து அடுக்கியவன் என்பதால், சில நோய்களின் சரித்திரம் எனக்கு உறவினர் வீட்டுக் கதை மாதிரி தெரியும். அப்படி ஒன்றைத்தான் இன்று எழுதுகிறேன். ஸ்டர்ஜ்-வெபர் நோய். குழந்தைகளின் மூளை ரத்தக் குழாய்களில் வருவது. அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க டாக்டர்களுக்கு 134 வருஷம் பிடித்தது.

நோயைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில குழந்தைகள் முகத்தில் கருஞ்சிவப்பாக ஒரு பெரிய மறுவோடு பிறக்கும். தட்டையாக இருக்கும், தொட்டால் தடிப்புத் தெரியாது. திராட்சை ரசத்தைக் கொட்டியது போன்ற நிறம் என்பதால் ஆங்கிலத்தில் போர்ட் ஒயின் கறை என்கிறார்கள். ஆயிரம் குழந்தைகளில் சுமார் மூன்று பேருக்கு உடம்பில் எங்காவது இது இருக்கும். பெரும்பாலும் அது தோலோடு நின்றுவிடும். ரஷ்யாவின் கோர்பச்சேவை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் தலையில் இருந்தது இதுதான். (ஆரம்பத்தில் அவருடைய அரசாங்கப் புகைப்படங்களில் அதை மறைத்துத் திருத்தித்தான் வெளியிட்டார்கள்.) அவருக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் மறு நெற்றியிலோ மேல் இமையிலோ இருக்கும் குழந்தைகளில் ஒரு சிலருக்கு, அதே பக்கத்து மூளையின் மேலுறையிலும் அதே மாதிரி ரத்தக் குழாய்கள் கொத்தாகப் பெருத்து இருக்கும். அதே பக்கத்துக் கண்ணில் அழுத்தம் ஏறும். முதல் வயது முடிவதற்குள் வலிப்பு வரும். மூளைக்கு எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் பலவீனப்படும். இதைத்தான் ஸ்டர்ஜ்-வெபர் என்கிறோம். இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

முதலில் இதைப் புரிந்துகொண்டவர் வில்லியம் ஆலன் ஸ்டர்ஜ். 1850இல் பிரிஸ்டல் ஊரில் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் படித்துவிட்டு, பாரிஸ் போய் அந்தக் காலத்து நரம்பு நோய் சக்கரவர்த்தியான ஷார்க்கோவிடம் பாடம் கேட்டவர். 1879இல் லண்டன் கிளினிக்கல் சொசைட்டி கூட்டத்துக்கு ஆறரை வயதுச் சிறுமி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். அவளுக்கு முகத்திலும் தலையிலும் வலது பக்கம் பெரிய மறு. வலது கண் பெருத்திருந்தது. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே இடது பக்கம் மட்டும் வெட்டி இழுக்கத் தொடங்கியிருந்தது.

மறு வலப்பக்கம், இழுப்பு இடப்பக்கம். இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லிவிடும், வலது மூளைதான் இடது உடம்பை ஆள்கிறது என்று. அன்றைக்கு அது புதுச் சரக்கு. நாயின் மூளையில் மின்சாரம் பாய்ச்சி, ஒரு பக்க மூளையைத் தூண்டினால் மறு பக்கத்துக் கால் அசைகிறது என்று பெர்லினில் இரண்டு பேர், ஃபிரிட்ஷும் ஹிட்ஸிக்கும், காட்டியது 1870இல்தான். ஒன்பதே வருஷம் ஆகியிருந்தது. ஸ்டர்ஜ் அதைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் தெரிகிற இந்த மறுவைப் போலவே ஒன்று இவளுடைய வலது மூளையின் மேலும் படர்ந்திருக்க வேண்டும், இழுப்புக்கு அதுதான் காரணம் என்றார்.

எக்ஸ்ரே அப்போது இல்லை. அந்தச் சிறுமி உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறாள், மண்டையைத் திறந்து பார்க்க முடியாது. வெளியே தெரிவதை வைத்து உள்ளே இருப்பதை ஊகித்தார், அவ்வளவுதான். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. சாட்சி எங்கே என்ற கேள்வி நியாயமானதுதான்.

ஸ்டர்ஜின் மனைவியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசில்லை. அவர் பெயர் எமிலி போவெல். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1869இல் மருத்துவம் படிக்கச் சேர்ந்த ஏழு பெண்களில் ஒருவர். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதா என்று அங்கே பெரிய ரகளை. 1870 நவம்பர் 18ஆம் தேதி அந்தப் பெண்கள் உடற்கூறு பரீட்சை எழுதப் போனபோது ஒரு கும்பல் வழிமறித்துச் சேற்றை வாரி இறைத்தது. பரீட்சைக் கூடத்துக்குள் ஓர் ஆட்டை வேறு தள்ளிவிட்டார்கள். கடைசிவரை எடின்பரோ அவர்களுக்குப் பட்டம் தரவில்லை. எமிலி பாரிஸ் போய்ப் படித்து 1877இல் டாக்டரானார். அதே வருஷம் ஸ்டர்ஜைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பேரும் சேர்ந்தே லண்டனில் வைத்தியம் பார்த்தார்கள்.

இதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. எடின்பரோ கதவைச் சாத்திய அந்த நாட்களில்தான், 1875இல், நம் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முதல் அணியில் படித்த மேரி ஷார்லீப் பிற்பாடு தொடங்கியதுதான் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் புத்தி வர நாளாயிற்று. 2019இல்தான் அந்த ஏழு பேருக்கும், அவர்கள் போய்ச் சேர்ந்து பல காலம் கழித்து, கௌரவப் பட்டம் கொடுத்தார்கள்.

எமிலிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. வெயில் படட்டும் என்று 1880களின் தொடக்கத்தில் தம்பதி தெற்கு பிரான்ஸில் நீஸ் நகரத்துக்குக் குடிபோனார்கள். 1885இல் எமிலி காலமானார். ஸ்டர்ஜ் மறுமணம் செய்துகொண்டு அங்கேயே தொழில் நடத்தினார். விக்டோரியா மகாராணி குளிர்காலத்தைக் கழிக்க அந்தப் பக்கம் வந்து தங்கியபோது அவரைக் கவனித்துக்கொண்டதும் இவர்தான். 1907இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய பிறகு மருத்துவத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, கற்கால மனிதன் செய்த கல்லாயுதங்களைச் சேகரிப்பதிலேயே மூழ்கினார். நம் பல்லாவரத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லை எடுத்தாரே, அந்த வகைப் பைத்தியம். 1908இல் இதற்கென்று ஒரு சங்கமே ஆரம்பித்து அதன் முதல் தலைவரானார். அவர் சேர்த்த கற்கள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஓய்வுபெற்ற பிறகு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் ஸ்டர்ஜைத்தான் உதாரணம் காட்டுவது வழக்கம்.

அவர் கேட்ட சாட்சி 1897இல் வந்தது. பெர்லினில் காலிஷர் என்ற டாக்டர், முகத்தில் மறுவோடு பிறந்து இறந்துபோன ஒரு குழந்தையின் மூளையைப் பரிசோதித்தார். மறு இடது பக்கம். மூளையிலும் இடது பக்கத்திலேயே ரத்தக் குழாய்கள் கொத்தாகப் படர்ந்திருந்தன. பதினெட்டு வருஷத்துக்கு முன் ஸ்டர்ஜ் சொன்னது அப்படியே.

இரண்டாவது பெயருக்குச் சொந்தக்காரர் ஃபிரெடெரிக் பார்க்ஸ் வெபர். அவர் வேறு ஒரு ரகம். 1863இல் பிறந்து 1962இல், 99ஆம் வயதில் காலமானார். லண்டன் ஜெர்மன் ஆஸ்பத்திரியில் வேலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவக் கட்டுரைகள் எழுதியவர். யாரும் பார்த்திராத நோய்களையே தேடித் தேடிப் போவார். பழைய நாணயங்கள் சேகரிப்பார். கலையிலும் கவிதையிலும் மரணம் எப்படி வருகிறது என்று ஒரு தடிமனான புத்தகமும் எழுதியிருக்கிறார். அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் நோய்கள் நாலைந்தாவது இருக்கும்.

1922இல் ஓர் இளம்பெண்ணின் மண்டையை எக்ஸ்ரே எடுத்து, மறு இருந்த பக்கத்து மூளையில் நிழல் விழுவதை அவர் வெளியிட்டார். அடுத்த வருஷமே அர்ஜென்டினாவில் டிமித்ரி என்பவர், அந்த நிழல் இரட்டைக் கோடுகளாக, வளைந்து வளைந்து, டிராம் தண்டவாளம் மாதிரி ஓடுவதைக் காட்டினார். ரத்தக் குழாயின் இரண்டு சுவர்களிலும் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, அதுதான் இரட்டைக் கோடு என்று எல்லோரும் நினைத்தார்கள். பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கோபன்ஹேகனில் கிராபே என்பவர் 1934இல் அதை மறுத்தார். சுண்ணாம்பு படிந்திருப்பது குழாயில் இல்லை, குழாய்க்கு அடியில் பட்டினி கிடந்த மூளையில். மூளையின் மடிப்பில் எதிரெதிரே இருக்கும் இரண்டு கரைகள்தான் இரட்டைக் கோடாகத் தெரிகின்றன. கெட்டிருப்பது ரத்தக் குழாய் என்றாலும், அடிபடுவது அதன் கீழே இருக்கும் மூளை என்று இதில் தெளிவானது.

அது ஏன் பட்டினி கிடக்கிறது? நல்ல மூளையில், மேல் பரப்பில் ஓடும் சிரைகள் அழுக்கு ரத்தத்தை வடித்துவிடும். இந்தக் குழந்தைகளுக்கு அந்தச் சிரைகள் சரியாக அமைவதில்லை. ஊருணி வாய்க்கால் தூர்ந்துபோனது மாதிரி, ரத்தம் கொத்துக் குழாய்களில் தேங்கி மெதுவாக நகர்கிறது. வலிப்பு வரும்போது மூளைக்குப் பிராணவாயு கூடுதலாக வேண்டும். அப்போது பார்த்துத் தேக்கம். அதனால் ஒவ்வொரு வலிப்பும் கொஞ்சம் மூளையைத் தின்கிறது. காய்ச்சல் வந்தால் இன்னும் மோசம்.

இவ்வளவும் 1940க்குள் ஏறக்குறைய தெரிந்துவிட்டது. காரணம் மட்டும் தெரியவில்லை.

காரணம் தெரியாததால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 1980களின் தொடக்கம். எங்கள் கல்லூரியில் வேலை பார்த்த ஒருவர் ஒரு நாள் சாயங்காலம், நூலகத்தில் கூட்டம் குறைந்த பிறகு, என் மேஜைக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். மகள் வயிற்றுப் பேத்திக்கு எட்டு மாதம். நெற்றியிலிருந்து கன்னம்வரை சிவப்பு மறு. வலிப்பு வந்துகொண்டிருந்தது.

"தம்பி, ஒரு பேரு எழுதித் தந்திருக்காங்க. இது என்னன்னு பொஸ்தகத்துல பாத்துச் சொல்லுங்க" என்று துண்டுச் சீட்டை நீட்டினார்.

அலமாரியிலிருந்து குழந்தை மருத்துவப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்து, தெரிந்த தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அது கெடக்கட்டும். ஏன் வந்துச்சுன்னு போட்டிருக்கா?" என்றார்.

பரம்பரை இல்லை என்று போட்டிருந்தது. தொற்று இல்லை என்று போட்டிருந்தது. காரணம் அறியப்படவில்லை என்று முடித்திருந்தார்கள். அதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. விஷயம் என்னவென்றால், அவர் மகளைக் குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். 1980 பிப்ரவரியில் முழுச் சூரிய கிரகணம் வந்ததே, அன்றைக்கு ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. அந்தப் பெண் கர்ப்பமானதே அதற்கு வெகுநாள் கழித்துத்தான். ஆனால் மாமியாருக்குக் கணக்கு முக்கியமில்லை. "பரம்பரை இல்லேங்கியான், கிருமி இல்லேங்கியான். அப்ப வேற என்னவாம்?" என்று சம்பந்தியம்மாள் கேட்டாராம். அண்ணாச்சி அதே கேள்வியை என்னிடம் கேட்டார். புத்தகத்தில் பதில் இல்லை. எங்கள் குழந்தை மருத்துவப் பேராசிரியரிடமும் அவரை அழைத்துப் போனேன். அவரும் "அம்மா மேல ஒரு தப்பும் இல்லைய்யா" என்று அழுத்திச் சொன்னார். சொன்னவர் பெரிய டாக்டர்தான். ஆனால் 'இது இல்லை, அது இல்லை' என்பது ஒரு காரணம் ஆகுமா? காலியாக இருக்கும் நாற்காலியில் யாராவது உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இனி விஞ்ஞானிகள் பக்கம் வருவோம். அவர்களுக்கும் இது பெரிய தலைவலியாகத்தான் இருந்தது. மரபணு நோய் என்றால் வழக்கமாக என்ன செய்வார்கள்? ஒரே நோய் தாத்தா, அப்பா, பிள்ளை என்று ஓடுகிற குடும்பங்களைப் பிடித்து, ரத்தம் எடுத்து, நோய் உள்ளவர்களிடம் இருந்து மற்றவர்களிடம் இல்லாத மரபணுவைத் தேடுவார்கள். வெபர் பெயரோடு இன்னொரு ரத்தக் குழாய் நோய் உண்டு, ஓஸ்லர்-வெபர்-ரெண்டு என்று. மூக்கில் அடிக்கடி ரத்தம் வரும். அது குடும்பத்தில் ஓடும் நோய். ஆகவே 1994இலேயே அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்து டக்ளஸ் மார்ச்சுக்கின் ஆய்வுக்கூடம் அதற்கான மரபணுவைப் பிடித்துவிட்டது. ஸ்டர்ஜ்-வெபரில் அந்த வித்தை பலிக்காது. குடும்பத்தில் ஒரே ஒருவருக்குத்தான் வருகிறது. ஒட்டிப் பிறந்த மாதிரி ஒரே அச்சில் இருக்கும் இரட்டைக் குழந்தைகளில்கூட ஒன்றுக்கு வந்து இன்னொன்றுக்கு வராமல் இருந்திருக்கிறது. மரபணு ஒன்றே என்றால் இது எப்படி?

ருடால்ஃப் ஹாப்பிள் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர் 1987இல் ஒரு யோசனை சொன்னார். இந்த நோய்க்கு ஒரு மரபணுப் பிழை காரணமாக இருக்கலாம். ஆனால் அது எப்படிப்பட்ட பிழை என்றால், உடம்பின் எல்லாச் செல்களிலும் இருந்தால் கரு பிழைக்கவே பிழைக்காது. ஆகவே அது அப்பா வழியாகவோ அம்மா வழியாகவோ வரவே முடியாது. கரு உருவான பிறகு, ஏதோ ஒரு செல்லில் நேர்ந்து, அந்தச் செல்லின் வம்சத்தில் மட்டும் இருந்தால்தான் குழந்தை பிழைக்கும். உடம்பின் ஒரு பகுதி ஒரு விதம், மற்ற பகுதி இன்னொரு விதம். ஸ்டர்ஜ் மாதிரியே இவரும் கண்ணால் காணாததைச் சொன்னார். சாட்சிக்கு இவர் காத்திருந்தது 26 வருஷம்.

இதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஓலைச்சுவடி நகல் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கருவில் தொடங்கும் ஒற்றைச் செல் இரண்டாகி, நாலாகி, கோடிக்கணக்கில் பெருகுகிறது. ஒவ்வொரு தடவையும் 600 கோடி எழுத்துகளை நகல் எடுக்க வேண்டும். ஏடு எழுதுபவர் கை ஓரிடத்தில் தவறினால், அந்த ஏட்டைப் பார்த்து எழுதிய பிரதிகளில் எல்லாம் அந்தத் தவறு இருக்கும். வேறு ஏட்டிலிருந்து எழுதிய பிரதிகளில் இருக்காது. உ.வே.சா. பல ஊர்ப் பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடபேதம் பார்த்தாரே, அதே வேலையை ஒரே மனிதனின் உடம்பில் செய்ய வேண்டும். மறு இருக்கிற தோலிலிருந்து ஒரு பிரதி, மறு இல்லாத இடத்திலிருந்து ஒரு பிரதி. ரத்தத்தை மட்டும் எத்தனை தடவை சோதித்தாலும் பயனில்லை, தவறு அந்த ஏட்டில் இல்லை.

2010ஐ ஒட்டித்தான் ஒரு மனிதனின் மொத்த எழுத்தையும் படிக்க ஆகும் செலவு கைக்கு எட்டும் அளவுக்கு இறங்கியது. பால்டிமோரில் கென்னடி கிரீகர் நிலையத்தைச் சேர்ந்த ஜோனத்தன் பெவ்ஸ்னரும், இந்தக் குழந்தைகளுக்கே வைத்தியம் பார்த்துவரும் ஆன் கோமியும், முன்னே சொன்ன மார்ச்சுக்கும் சேர்ந்தார்கள். மூன்று நோயாளிகளிடம் இரண்டிரண்டு பிரதிகள் எடுத்து ஒப்பிட்டார்கள். 2013 மே மாதம் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' பத்திரிகையில் விடை வந்தது. நான் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன். எனக்குப் பின் அந்த நாற்காலியில் இருந்த பையன் போன் செய்து சொல்லித்தான் தெரியும்.

ஒரே ஓர் எழுத்து. ஜி.என்.ஏ.கியூ. என்ற மரபணுவில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. மூன்று பேரில் பார்த்ததை மற்றவர்களிடமும் சரிபார்த்தார்கள். ஸ்டர்ஜ்-வெபர் உள்ள 26 பேரைச் சோதித்ததில் 23 பேரிடம் அதே எழுத்து, அதே இடத்தில். மூளைக் கோளாறு இல்லாமல் மறு மட்டும் இருந்த 13 பேரில் 12 பேரிடமும் அதுவே. கெட்டுப்போன திசுவில்கூட எல்லாச் செல்லிலும் அது இல்லை. படித்த பிரதிகளில் 1 முதல் 18 சதவீதம்வரைதான் பிழையோடு இருந்தன. அவ்வளவு சிறுபான்மையாக ஒளிந்திருந்ததால்தான் இத்தனை காலம் அகப்படவில்லை.

அந்த மரபணு என்ன வேலை செய்கிறது? செல்லின் வெளியிலிருந்து வரும் உத்தரவை உள்ளே கடத்தும் ஒரு புரதத்துக்கு அது அச்சு. உத்தரவு வந்தால் புரதம் திறக்கும், வேலை முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும். அந்தப் புரதச் சங்கிலியில் 183ஆவது மணி, மூடுவதற்கு உதவுகிற மணி. அது மாறிவிட்டதால் மூடுவது தாமதமாகிறது. வாஷர் தேய்ந்த குழாய் மாதிரி, அடைத்த பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. வளர், பெருகு என்ற உத்தரவு மெல்லியதாக ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது. இதே மரபணுவில் 209ஆவது மணி மாறினால் குழாய் முழுக்கத் திறந்துவிட்ட மாதிரி. அது கண்ணுக்குள் வரும் ஒரு வகைப் புற்றுநோயில் காணப்படுவது. சொட்டுவதற்கும் கொட்டுவதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

எந்தச் செல்லில் இந்தப் பிழை குடியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பாஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் திசுவைச் செல் செல்லாகப் பிரித்துப் பார்த்து 2016, 2017இல் சொன்னார்கள்: பெரும்பாலும் ரத்தக் குழாயின் உட்சுவரில் ஓடு பதித்தது மாதிரி வரிசையாக இருக்கும் செல்களில். தோலிலும் அப்படியே, மூளையிலும் அப்படியே. 1879இல் ஸ்டர்ஜ் முகத்தையும் மூளையையும் ஒரே நோய் என்றார். ஒரே செல், ஒரே எழுத்து என்று சரியாகப் பொருந்திவிட்டது.

நெற்றியும் கண்ணும் மூளையும் ஏன் சேர்ந்து மாட்டிக்கொள்கின்றன? கருவின் முதல் வாரங்களில் பின்னால் நெற்றித் தோல் ஆகப்போகிற பகுதியும், கண்ணும், மூளையின் பின்பாதியும் அண்டை வீடுகள். தலை பெரிதாக வளர வளரத்தான் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. அண்டை வீடுகளாக இருந்த நாளில் பிழை நேர்ந்தால் மூன்றுக்கும் அந்த வம்சம் போய்ச் சேரும். பிரிந்த பிறகு நேர்ந்தால் தோலோடு நின்றுவிடும். 2013 கட்டுரைக்காரர்களின் ஊகம் இதுதான். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. கோர்பச்சேவுக்கு நேர்ந்தது கொஞ்சம் பிந்தி நேர்ந்திருக்கும்போல.

ஆக, காலி நாற்காலியில் உட்கார ஆள் வந்துவிட்டது. தாய் எதைப் பார்த்தாள், எதைத் தின்றாள், எதற்கு ஆசைப்பட்டாள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தகப்பன் வழியும் இல்லை, தாய் வழியும் இல்லை. அதே தம்பதிக்கு அடுத்த குழந்தை பிறந்தால் மற்ற யாருக்கும் இருக்கிற அபாயத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த நோயாளிக்கே பிள்ளை பிறந்தாலும் அப்படியே. அண்ணாச்சி 1998இல் தவறிவிட்டார். மகளைக் கடைசிவரை புகுந்த வீட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண் தையல் வேலை பார்த்து, பேத்தியை வளர்த்தாள்.

வைத்தியம் இன்னும் அந்த எழுத்தைத் திருத்தும் அளவுக்கு வரவில்லை. வலிப்புக்கு மாத்திரை, ரத்தம் உறைந்து அடைக்காமல் இருக்கச் சிறு அளவில் ஆஸ்பிரின், கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்தோ அறுவையோ. மருந்துக்கு அடங்காத வலிப்புக்குக் கெட்ட பக்கத்து மூளையைத் துண்டித்துவிடும் பெரிய ஆபரேஷனும் உண்டு. முக மறுவுக்கு லேசர் இருக்கிறது. ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த சிரோலிமஸ் என்ற மருந்தைச் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சொட்டும் குழாய்க்குக் கீழே வாளி வைப்பது மாதிரி அது.

பேரன் பேத்தி பார்க்கும் வயதில் இருக்கிற நாம் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். பிறந்த குழந்தையின் பிடரியிலும் புருவ மத்தியிலும் இளஞ்சிவப்பாகத் தெரிவது வேறு. அது சர்வசாதாரணம், பெரும்பாலும் மங்கிவிடும். பிறந்த சில வாரத்தில் தோன்றி ஸ்ட்ராபெரிப் பழம் மாதிரி உப்பி வளர்ந்து, பிறகு சில வருஷத்தில் தானே சுருங்குவதும் வேறு. பிறக்கும்போதே தட்டையாக, கருஞ்சிவப்பாக, நெற்றியிலோ மேல் இமையிலோ ஒரு பக்கமாக இருந்து, மங்காமல் குழந்தையோடு கூடவே பெரிதாகிறதென்றால் அது போர்ட் ஒயின் கறையாக இருக்கலாம். அப்போது வலிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் குழந்தை நரம்பியல் டாக்டரிடமும் கண் டாக்டரிடமும் காட்டிவிட வேண்டும். முதல் சில மாதங்களில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போவதும் உண்டு. அதனால் எப்போது எடுப்பது என்பதை டாக்டரே சொல்வார். கண் அழுத்தத்தை மட்டும் ஒரு தடவை பார்த்து நிறுத்தாமல், வளர்ந்த பிறகும் வருஷா வருஷம் பார்க்கச் சொல்வார்கள்.